தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்று நீ போட்ட இடத்தில்

மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று விசாரித்து எழுத இந்தமுறை மனம் ஓடவில்லை. கோபிக்காதே. டோஹாவில் நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், மிச்ச நேரத்தில் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உம்மாவின் புத்தகத்துக்கு இணையத்தளம் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தளத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "என் தங்கச்சி கிடைத்துவிட்டாள்" என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. எடுத்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு. ஒரு சொல் குறைக்காமல் போடு. ஊர் உலகமெல்லாம் வாசிக்கப்போகிற கடிதம் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். உம்மா சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை வாசி.

இணையத்தளம் வேண்டும் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. சாய்ந்தமருதில் அடுப்படியில் இருந்து எழுதி, வார மலர்களுக்கு அனுப்பி, வந்தால் வெட்டி வைத்து, வராவிட்டால் பேசாமல் இருந்த பொம்பிளை நான். கொழும்பிலிருந்து ஒரு பதிப்பாளர் கதைகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடுவதாகச் சொன்னபோது அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவர்தான் உன்னிடம், இந்தக் காலத்தில் எழுத்தாளருக்கு ஒரு தளம் இல்லாவிட்டால் புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்று சொல்லியிருக்கிறார். நீயும் துள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாய். புத்தகத்தின் அட்டை, இரண்டு கதை, என்னைப் பற்றிப் பத்து வரி, எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாய். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு என் போட்டோவைக் கேட்டாய்.

"எழுதின ஆள்ர முகத்தப் பாக்காம ஆரு உம்மா புத்தகம் வாங்குவான்?" என்றாய்.

"கதை வாசிக்கிறவனுக்கு என்ட முகம் என்னத்துக்கு மகன்? எனக்கு என்ன கலியாணமா பேசப் போறாங்க?" என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நமது ஊரில் ஒரு பொம்பிளை கதை எழுதுவதையே சிலபேர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். முகத்தையும் கொண்டுபோய் உலகத்துக்கு முன்னால் வைத்தால் உன் வாப்பா பள்ளிவாசல் படி ஏறும்போது நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள். அதை விடு, எனக்கே விருப்பமில்லை. அந்தக் கோபத்தில்தான் ஒரு யோசனை வந்தது. என் முகம் வேண்டாம், அந்த இடத்தில் உன் தங்கச்சி றிஸ்லாவின் முகத்தைப் போடு என்றேன். "இது புத்தகத்துக்குரிய தளம் உம்மா" என்று மெதுவாகச் சொன்னாய். "புத்தகமும் அவளுக்குத்தான்" என்றேன். நீ போட்டாய். எழுத்தாளர் என்று இருக்கிற இடத்தில் சிவப்புச் சட்டை போட்ட மூன்று வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை நிற்கிறது. படத்துக்குக் கீழே எங்கள் தெருவும் வாப்பாவின் நம்பரும். உலகத்தில் வேறு எந்த எழுத்தாளருக்காவது இப்படி ஒரு பக்கம் இருக்குமோ தெரியாது.

வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். றிஸ்லா என் மகள், உனக்குப் பின்னால் நீண்ட காலம் கழித்து அல்லாஹ் தந்த பிள்ளை. அந்தப் படம் மட்டும் தப்பியது, அது இறக்காமத்தில் என் தங்கச்சி வீட்டில் இருந்தபடியால். அங்கே கடல் இல்லை, குளமும் வயலும்தான். நம்முடைய வீட்டில் இருந்த படங்களும், வீடும், வீட்டின் கதவு நிலையும் சுனாமியோடு போய்விட்டன. அன்று காலையில் நான் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். றிஸ்லா அடுத்த வீட்டு முற்றத்தில் விளையாடினாள். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது முற்றத்தைக் காணவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் அவரவர் பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள், சிலரை உயிரோடும் பலரை மையித்தாகவும். றிஸ்லாவை நான் எப்படியும் காணவில்லை. பெரிய குழிகளாக வெட்டி, முகம் பார்க்க நேரமில்லாமல் அடக்கிய ஜனாஸாக்களில் அவளும் இருந்திருப்பாள் என்று உன் வாப்பா அன்றே சொன்னார். ஆனால் சிவப்புச் சட்டைப் பிள்ளையொன்றை உயிரோடு லொறியில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்தேன்.

எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, முகாம் முகாமாகப் போனேன். யாரோ ஒரு பிள்ளையில்லாத பொம்பிளை அவளை எடுத்துத் தன் பிள்ளை என்று சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்தப் பொம்பிளையை ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஏசினேன், சாபமும் போட்டேன். சிலநேரம் மனம் இளகும். சண்டை நடக்கிறது, பாதையில் பயம், தமிழ் ஊர்ப் பக்கம் நாங்கள் போவதில்லை, அவர்களும் இந்தப் பக்கம் வருவதில்லை, அந்தப் பொம்பிளை பாவம் எப்படிக் கொண்டுவருவாள் என்று அவளுக்காக நானே நியாயமும் பேசுவேன். யுத்தம் முடிந்தது என்று சந்தியில் பாற்சோறு கொடுத்த அன்று மற்றவர்கள் என்னத்தை நினைத்தார்களோ, நான் நினைத்தது ஒன்றுதான். பாதை திறந்துவிட்டது, இனிக் கொண்டுவருவார்கள். உன்னுடைய தளமும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது.

பிறகு வினாயகபுரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. திருக்கோவிலுக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிற தமிழ் ஊர். யோகம்மா என்று ஒரு கருவாடு விற்கிற பொம்பிளை, சுனாமியில் தனித்துப்போன ஒரு பெண் பிள்ளையை வளர்க்கிறாள். அவளுடைய தம்பி மகன் அக்கரைப்பற்றில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து உன் தளத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையின் படத்தை உனக்கு அனுப்பினான். நீ இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாய். அதே நெற்றி, அதே தாடை. நானும் பார்த்தேன், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாப்பாவுக்கு ஒரு போன் கோல் எடுக்க முன்னம் நீ உலகத்துக்குச் சொல்லிவிட்டாய். அழுது அழுது தட்டினேன் என்றாய். லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் முகம் தெரியாத சனங்கள் அழுது எழுதினார்கள். கதைகளுக்காக ஒருவரும் எட்டிப் பார்க்காத தளத்துக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். பதிப்பாளர் எனக்கு நேரே கோல் எடுத்து, புத்தகத்தைக் கூடுதலாக அடிக்கப்போகிறேன், வெளியீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வாப்பாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் தாண்டித் தம்பிலுவில் பக்கம் திரும்பினோம். அந்தப் பாதையில் நான் போய் எத்தனையோ வருஷம். செக்பொயிண்டில் நின்ற பொடியன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கட மகளக் கூட்டிட்டு வரப் போறம்" என்று வாப்பா சொன்னார். அவர் வாயில் அப்படியொரு சொல் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகு முன்னால் பார்த்தபடியே, "இஞ்ச பாரு, போனதும் முதல்ல காலப் பாரு" என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நோன்புக்கு நான் காய்ச்சிய கஞ்சி கவிழ்ந்து றிஸ்லாவின் இடது காலில் கொட்டிவிட்டது. விரலில் இருந்து கணுக்கால் வரைக்கும் தோல் சுருங்கிப்போன வடு. சாகும்வரை போகாது என்று டொக்டர் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு வடு இருக்கிறதா என்று கோலில் கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னிடம் கேட்காதே.

யோகம்மா வாசலிலேயே நின்றாள். என்னைவிட இளையவள், வெயிலில் காய்ந்த முகம். "வாங்கக்கா, வாங்க அண்ணன், இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். மூடி திறக்காத இரண்டு சோடாப் போத்தல் எடுத்து வைத்தாள். "எங்கட வீட்டில சமைச்சது ஒங்களுக்குச் சரிவருமோ தெரியா. அதான் கடையில வாங்கி வெச்சன்" என்றாள். வாவிக்கரையில் தாழம்பத்தைப் புதருக்குள் சிக்கிக் கிடந்த பிள்ளையை எடுத்ததையும், பொலிஸுக்கும் முகாம்காரருக்கும் சொல்லிவைத்ததையும், ஒருவரும் வராததையும் சொன்னாள். பிள்ளைக்குச் சுதா என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"நான் புள்ளைக்கு ஒண்டும் மறைக்கல்லக்கா. ஒன்னப் பெத்தவ எங்கயோ இரிக்கா, ஒரு நாளைக்கு வருவா எண்டு சொல்லித்தான் வளத்த நான். சண்டை முடிஞ்சா வருவாங்க எண்டு பாத்துக்கிட்டே இருந்தன். முடிஞ்சிது, நீங்க வந்திட்டீங்க. பெத்தவ வந்தா குடுக்கத்தானே வேணும்."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. வடிய விட்டுக்கொண்டே கதைத்தாள். உள்ளே இருந்து சுதா வந்தாள். குளித்து, தலை இழுத்து, பள்ளிக்கூடப் பையில் உடுப்பெல்லாம் அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. எங்களுக்காக யோகம்மா அழித்துவிட்டிருக்கிறாள், அழித்த இடம் தெரிந்தது. பிள்ளை என்னைப் பார்த்து, "நான் ஒங்கள உம்மா எண்டு கூப்பிடட்டா?" என்று கேட்டாள்.

அல்லாஹ்வே, நான் என்ன செய்வேன்? காலைப் பார்க்க வேண்டுமென்று நேரே சொல்ல வாய் வரவில்லை. காலெல்லாம் மண்ணாக இருக்கு, வா கழுவி விடுறன் என்று கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு காலையும் என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன். இடது கால் மழமழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. வலது காலையும் பார்த்தேன், எனக்குத்தான் ஞாபகம் மாறிவிட்டதோ என்று. திரும்ப இடது காலைப் பார்த்தேன். பிள்ளைக்குக் கூச்சமாக இருந்திருக்கும், சிரித்தாள். வாப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நான் எழும்பாமல் அப்படியே குந்தியிருந்தேன்.

"கொண்டு போவம்" என்றார்.

"காலப் பாத்தீங்கதானே?"

"பாத்தன்."

"மறுகா எப்பிடிக் கொண்டு போற?"

"அவளுக்கும் தாய் இல்ல, நமக்கும் பொம்பிளப் புள்ள இல்ல. இவவும் தாறன் எண்டுதானே செல்றா. ஆருக்கு என்ன நட்டம்?"

றிஸ்லா மௌத்தாகிவிட்டாள் என்று முதல்நாளே சொன்ன மனிதர் இவர். அதற்காக நான் அவரோடு மாசக்கணக்கில் கதைக்காமல் இருந்திருக்கிறேன். அந்த மனிதர் கிணற்றடியில் நின்று பிள்ளையை யாசித்தார். எனக்கு ஆசை இல்லையென்று நினைக்கிறாயா? ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை ஓட்டோவில் ஏறிவிடும். உன் தளத்தில் போட்டது உண்மையாகிவிடும். ஆனால் ஓம் என்று சொன்னால் நான் ஆர்? இத்தனை வருஷம் தொழுகைப் பாயில் இருந்து நான் சாபம் போட்டேனே, மற்றவள் பிள்ளையைத் தன் பிள்ளை என்று கொண்டுபோனவள், அவள் நான்தான் என்றாகிவிடாதா? சுதாவைப் பெற்றவள் எங்காவது ஒரு முகாமில் இருந்து தேடிக்கொண்டிருந்தால் அவளுடைய சாபம் எனக்கல்லவா?

உள்ளே போய், "இவள் என்ட புள்ள இல்ல தங்கச்சி" என்று சொன்னேன். யோகம்மா நம்பவில்லை. "நல்லாப் பாருங்கக்கா, வளந்தா முகம் மாறுந்தானே" என்றாள். வடுவைப் பற்றிச் சொன்னேன். அவள் பிள்ளையின் முதுகில் இருந்து பையைக் கழற்றி வைத்தாள். "அப்ப நான் போகல்லையா?" என்று சுதா கேட்டாள். நாங்கள் மூன்று பெரிய ஆட்கள் இருந்தோம், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வரும் வழியில் நான் அழவில்லை. யோசித்தேன். யோகம்மா பிள்ளையை எடுத்தாள், ஊருக்குச் சொன்னாள், பெற்றவள் வருவாள் என்று காத்திருந்தாள், பாதை திறந்ததும் முதல் ஆளாகத் தேடிக் கூப்பிட்டாள். இரண்டாவது வேளைச் சோற்றுக்கு வழியில்லாத வீடு அது. அப்படிப்பட்டவளே செய்துவிட்டாள் என்றால், என் பிள்ளையை எடுத்த ஒருத்தி இருந்தால் அவள் செய்திருக்க மாட்டாளா? செய்திருப்பாள், மகன். சண்டை முடிந்து எத்தனை மாசம் ஆகிவிட்டது. படம் உலகமெல்லாம் போய்விட்டது. வேறு ஒருவரும் கூப்பிடவில்லை. நான் சாபம் போட்டுக்கொண்டிருந்த பொம்பிளை ஒருத்தி இல்லவே இல்லை. லொறியும் இல்லை. அக்கரைப்பற்றுக்குக் கிட்ட வரும்போது இது எனக்கு விளங்கியது. வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்து ஏசிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சொன்னேன். நீ அழுதாய். அழுது முடித்துவிட்டு நீ சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "விடுங்க உம்மா, வெளியீடு முடியும் மட்டும் அது அப்பிடியே கிடக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?" என்றாய். வாப்பா கிணற்றடியில் சொன்ன அதே கேள்வி. அவர் பிள்ளை ஆசையில் கேட்டார், நீ என் புத்தகத்தின் மீது வைத்த ஆசையில் கேட்டாய். பதிப்பாளரும் அதையேதான் நாகரிகமாகச் சொன்னார். நட்டம் ஆருக்கென்று இப்போது கேள். பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் எங்காவது இருந்து அதை வாசித்தால், இன்னொருத்திக்குக் கிடைத்திருக்கிறதே, எனக்கும் கிடைக்கும் என்று திரும்பவும் எழும்பி நடப்பாள். நான் அப்படி நடந்தவள். பொய் நம்பிக்கை எவ்வளவு தூரம் நடத்தும் என்று என் காலுக்குத் தெரியும். உம்மாவின் கதைகள் விற்காவிட்டால் விற்காமல் கிடக்கட்டும். புத்தகத்தை விற்பதற்கு நீ வெட்கப்படாதே, அட்டையைக் காட்டு, விலையைப் போடு, நல்ல கதை வாங்கு என்று சந்தியில் நின்று வேண்டுமானாலும் கூப்பிடு. பிள்ளையைக் காட்டி விற்காதே. அந்தப் படத்தை அங்கே முதலில் வைக்கச் சொன்னவளே நான்தான் என்று நீ சொல்வாய். ஓம், நான்தான். அதனால்தான் எடு என்று சொல்கிற உரிமையும் எனக்கு இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது. றிஸ்லாவின் படத்தையும் வாப்பாவின் நம்பரையும் எடு. எழுத்தாளர் படம் போடுகிற இடம் வெறுமையாகக் கிடக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சுதாவின் படத்தை வைத்திரு, யோகம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஓம் என்றாள். ஆனால் படத்துக்குக் கீழே உன் தங்கச்சியின் பெயரைப் போட்டிருக்கிறாயே, அதை அழித்துவிட்டு, வினாயகபுரத்தில் ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுது. அந்தத் தாய் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் எழுது. பிள்ளை கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை, இதையாவது செய்வோம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில் றிஸ்லாவின் பேரில் கத்தம் ஓதப் போகிறோம். ஓத வருகிற லெப்பைக்குச் சொல்லியாகிவிட்டது. மற்ற வீடுகளில் மௌத்தானவர்களுக்கு அந்த வருஷமே ஓதிவிட்டார்கள், இந்த வீட்டில் நான் விடவில்லை. இறக்காமத்தில் இருந்து உன் சாச்சி வருவாள். நீ வர முடியாது, தெரியும். நீ இருக்கிற இடத்தில் இருந்து ஒரு யாஸீன் ஓது. துஆ கேட்கும்போது அவளுடைய பெயரை மௌத்தானவர்களோடு சேர்த்துச் சொல். நாக்கு வராது என்று பயப்படாதே. இன்று லுஹருக்குப் பிறகு நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், மகன். சொல்ல முடிகிறது.

உம்மா